வாடிய செடிக்கு எந்த மருந்து?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீலகிரியின் கேத்தி, பாலாடா பகுதிகளில் உள்ள பயிர் மருந்துக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வாடிய தழை ஒன்றைக் கையில் கொண்டுவரும் விவசாயி, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிச் சென்று அன்று மாலையே அடித்துவிடுகிறார். வந்திருப்பது பூஞ்சாணமா, பாக்டீரியாவா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இந்தக் குறையைத் தோட்டக்கலைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கார்போகம் என்னும் பயிர்ப் பருவத்தில் என் ஒன்றரை ஏக்கர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் செடிகள் பச்சை மாறாமலேயே நடுப்பகலில் தலை சாய்ந்தன. முதலில் மாலையில் நிமிர்ந்தன. நான்கைந்து நாட்களில் அதுவும் நின்றுவிட்டது. கடையில் கருகல் நோய் என்றார்கள். மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் சேர்ந்த பூஞ்சாணக்கொல்லி மருந்தை மூன்று முறை அடித்தேன். ஒரு செடிகூடத் தேறவில்லை. பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, வாடிய செடியின் அடித்தண்டை நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் இருந்த தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி அசையாமல் பிடித்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் அதிலிருந்து பால் நூல்போல வெண்மையாக ஒன்று இறங்கியது. பாக்டீரியா வாடல் நோய்க்கு அதுதான் அடையாளம். ரால்ஸ்டோனியா என்னும் அந்தக் கிருமி மண்ணிலும் விதைக்கிழங்கிலும் தங்கி, வேர்வழியே ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையம் தெரியும். அழுத்தினால் சீழ்போலக் கசியும். எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் அதைத் தொடாது. நோயற்ற விதையும் பயிர்ச் சுழற்சியும்தான் வழி. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் அது தாக்கும் என்பதால், கிழங்கு எடுத்த நிலத்தில் அவற்றை வைப்பதும் பயன் தராது.

கடையில் சொன்ன கருகல் நோய், அதாவது பின்பருவக் கருகல் நோய், முற்றிலும் வேறு. குளிரும் பனிமூட்டமும் ஓயாத ஈரமும் சேர்ந்த நாட்களில் இலையில் நீர் கோத்ததுபோன்ற கரும்புள்ளிகள் தோன்றும். விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் புள்ளியின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். 1845இல் அயர்லாந்தில் கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய் இதுவே. இங்கே தாமதம் ஆகாது. முன்கூட்டியே மருந்து அடித்தாக வேண்டும். ஆனால் இந்தக் கிருமி உண்மையான பூஞ்சாணமும் அல்ல, நீர்ப்பூஞ்சாண வகையைச் சேர்ந்தது. அதனால் பலர் வழக்கமாக அடிக்கும் கார்பென்டசிம் என்னும் பூஞ்சாணக்கொல்லி இதற்குப் பலிக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் வீணாகும் பணத்தை நினைத்தால் மனம் பதைக்கிறது.

கோஸ் தோட்டங்களிலும் இதே நிலைதான். இலை விளிம்பிலிருந்து ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கி நரம்பு கறுத்தால் அது கருப்பு அழுகல். பாக்டீரியாவால் வருவது, விதையோடும் வரும். செடி வாடி, பிடுங்கினால் வேர் கிழங்குபோல வீங்கியிருப்பது வேறு நோய். புளிப்பு மண்ணில் செழிக்கும் அதன் வித்துகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டிய இடத்தில் இலைக்கு மருந்து அடித்து என்ன பயன்?

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவு மலையிலேயே இருக்கிறது. தழையோடு நிற்பவருக்கு அது எட்டவில்லை. எனவே ஜூன் முதல் நவம்பர் வரை, கேத்தி, பாலாடா, கோத்தகிரி, குந்தா ஆகிய இடங்களில் வாரம் ஒரு நாள், நுண்ணோக்கியுடன் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அமர்ந்து, கொண்டுவரும் செடியைப் பார்த்து நோயின் பெயரை எழுதிக் கொடுக்கத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த நோய்க்காக விற்கப்படுகிறது என்பதை மருந்துக் கடைகள் ரசீதில் குறிப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். சரிவில் அடிக்கும் மருந்து மழையில் கழுவிக்கொண்டு கீழே உள்ள ஓடைகளுக்குத்தான் போகிறது.

அடுத்த கார்போக விதைப்புக்கு முன்பே மண்ணையும் விதைக்கிழங்கையும் பார்த்துச் சொல்லத் தொடங்கினால், வாடல் கண்ட நிலத்தில் மீண்டும் கிழங்கை நடாமல் பூண்டோ கேரட்டோ போட முடிவெடுக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
கிழங்கு விவசாயி ஒருவர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.