பெஞ்சில் இருக்கும் ஏழு பேர்

அன்புத் தம்பிக்கு,

வணக்கம். குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் நீ பயிற்சி தரும் அணி நான்கு புள்ளிகளில் தோற்ற அன்று, களத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் உன்னிடம் வந்து கை கொடுக்க நினைத்தேன், கால் வரவில்லை. அன்று பேசாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன். இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் அணி நடத்தும் பலரும் உன்னைப் போலவே ஆட்களை இறக்குகிறார்கள்.

நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தேழு நிமிடம் உன் ஐந்து பையன்களே ஆடினார்கள். சிமென்ட் தரை காலைச் சுட்ட அந்த வெயிலில், மூன்றாம் கால் பகுதியிலேயே அவர்கள் முழங்காலில் கையூன்றி நின்று மூச்சு வாங்கினார்கள். மூன்று நிமிடம் இருக்கும்போது ஒருவனுக்குக் கால் பிசகியது. வேறு வழியில்லாமல் பதினோராம் எண் சட்டைக்காரனை இறக்கினாய். அவன் கொடுத்த முதல் பாஸ் யாருமில்லாத பக்கமாகக் கோட்டைத் தாண்டி ஓடியது. தோற்ற பிறகு நீ அவனிடம், "இதுக்குத்தான் உன்னை இறக்குறதில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பையன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே வெகு நேரம் இருந்தான்.

நாம் இருவரும் அதே வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். பள்ளி அணியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே இருந்தாய் நீ. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம் உனக்கு. ஏற்காடு மலையில் மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் ஆட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு நமக்கு ஓய்வு இருந்தது. எப்போதாவது பி.டி. சார் நம் பக்கம் திரும்பினால் உள்ளங்கை வியர்த்துவிடும். பெஞ்சிலேயே ஆறின உடம்போடு ஒருவன் திடீரென்று உள்ளே போனால் பந்து கையில் ஒட்டாது என்பதை உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதனால்தான் அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் 2013-14 பருவத்தை உனக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இறுதித் தொடரை விடிகாலையில் எழுந்து பார்த்துவிட்டுத் தொலைபேசியில் நாம் எவ்வளவோ பேசினோம். அப்போது பந்து கைமாறிய அழகைப் பற்றித்தான் பேசினோம். அந்த அழகு எங்கிருந்து வந்தது என்பதை இருவருமே பேசவில்லை.

ஸ்பர்ஸ் ஆடுகிற அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர் என்பதால் ஒரு பயிற்சியாளரின் கையில் ஓர் ஆட்டத்துக்கு 240 நிமிடம் இருக்கிறது. அதை யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பதில்தான் ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் மற்றவர்களிடமிருந்து விலகி நின்றார். முதல் பந்தியிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, இரண்டாம் பந்திக்குக் காலி இலை போடுகிற வீடாக அவர் அணி இருக்கவில்லை. அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் ஸ்பர்ஸ் 62 வென்றது. லீக்கிலேயே அதுதான் முதலிடம். அப்படியிருந்தும் அணியில் ஒருவர்கூடச் சராசரியாக ஆட்டத்துக்கு 30 நிமிடம் ஆடவில்லை. டோனி பார்க்கர், டிம் டங்கன், கவாய் லெனார்ட் மூவருமே 29 நிமிடச் சொச்சத்தில் நின்றார்கள். அறுபது வெற்றிக்கு மேல் பெற்ற ஓர் அணியில் அதற்கு முன் இப்படி நடந்ததே கிடையாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றதும் இதே கணக்கில்தான்.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் விலையும் கொடுத்திருக்கிறார். 2012 நவம்பரில், நாடு முழுவதும் ஒளிபரப்பான, மயாமி ஹீட் அணியுடனான ஆட்டத்துக்கு முன்னால், டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் என்ற முக்கிய ஆட்டக்காரர்கள் நால்வரையும் ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மீதி இருந்தவர்களோ அந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடம்வரை கொண்டுபோய் 105-100 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். பெரிய பெயர்கள் இல்லாத ஓர் இரவில், எதிரியின் ஊரில், நடப்பு வாகையரோடு நெருங்கி ஆடிய அந்த அனுபவம் அவர்களுக்கு என்ன தந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அதே மயாமிக்கு எதிரான 2013 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். 28 விநாடி இருக்க ஸ்பர்ஸுக்கு ஐந்து புள்ளி முன்னிலை; கோப்பையைக் கொடுப்பதற்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கட்டிவிட்டார்கள். ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது மயாமியின் ரே ஆலன் பின்னோக்கி ஓடி, மூலையில் கால் ஊன்றி எறிந்த மூன்று புள்ளிப் பந்து அதை மாற்றியது. ஸ்பர்ஸ் கூடுதல் நேரத்தில் தோற்று, ஏழாம் ஆட்டத்திலும் தோற்றார்கள். அந்த ஆறாம் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி எடுத்த டங்கன், நான்காம் கால் பகுதியிலும் கூடுதல் நேரத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவருக்கு அப்போது 37 வயது. களைப்பு மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் ஐந்து பையன்கள் மூன்றாம் கால் பகுதியில் முழங்காலில் கையூன்றி நின்றபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

மறுபருவத்துக்கு அதே ஆட்கள் பெரும்பாலும் மாறாமல் வந்தார்கள். அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போரிஸ் டியாவ் என்ற பிரெஞ்சுக்காரரை 2012 மார்ச்சில் சார்லட் அணி விடுவித்தது. 66 ஆட்டங்களில் ஏழே ஏழு வென்ற அணி அது. அந்த அணிக்கே வேண்டாதவராகி, உடம்பும் கனத்துப்போய் ஸ்பர்ஸுக்கு வந்தார். பேட்டி மில்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அதே மாதத்தில் வந்து சேர்ந்தவர். முந்தைய பருவத்தில் பெஞ்சின் கடைசியில் நின்று துண்டைச் சுழற்றி மற்றவர்களை உற்சாகப்படுத்தியதற்காகவே பலருக்கு அவரைத் தெரியும். பாபோவிச் இருவருக்கும் நவம்பரிலிருந்தே நிமிடங்களைக் கொடுத்தார். தவறு செய்தால் கத்தினார். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் இறக்கினார்.

ஓக்லஹோமா சிட்டியுடனான அரையிறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், கணுக்கால் வலியால் பார்க்கர் இரண்டாம் பாதியில் ஆடவே இல்லை. பந்தைக் கொண்டுசெல்கிறவரே இல்லாமல் போனால் எந்த அணியும் தடுமாறும். அன்று பெஞ்சிலிருந்து வந்த டியாவ் 26 புள்ளி எடுத்தார். கூடுதல் நேரத்தில் 112-107 என்று வென்று இறுதித் தொடருக்குப் போனார்கள். கால் பிசகியதும் வேறு ஒருவரை இறக்க நேர்ந்தது பாபோவிச்சுக்கும் உனக்கும் ஒன்றுதான். இறங்கியவர் அதற்கு முன் ஆடியிருந்த நிமிடங்களில்தான் வித்தியாசம்.

மறுபடியும் மயாமிக்கு எதிரான 2014 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அரங்கின் குளிரூட்டி பழுதாகி வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரிக்குப் போனதும், மயாமியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கால் தசை இழுத்துக்கொண்டு கடைசி நான்கு நிமிடங்களில் வெளியே உட்கார்ந்ததும் உனக்குத் தெரியும். சேலத்து மே மாதத்தைப் பார்த்த நமக்கு 32 டிகிரி ஒரு வெயிலே இல்லை. ஆனால் அடைத்த அரங்குக்குள் அது வேறு. அது தற்செயல் என்பதால் என் வாதத்துக்கு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் ஆட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். தொடக்கத்திலேயே 22-6 என்று பின்தங்கியவர்கள், பெஞ்சிலிருந்து வந்த ஜினோபிலியின் தயவில் எழுந்து நின்றார்கள். மூன்றாம் கால் பகுதியில் மில்ஸ் மட்டும் 14 புள்ளி அடித்தார், துண்டு சுழற்றிய அதே மில்ஸ். 104-87 என்று ஆட்டமும், 4-1 என்று தொடரும் முடிந்தன. ஐந்து ஆட்டங்களையும் கூட்டினால் மயாமியைவிட 70 புள்ளி அதிகம். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது லெனார்டுக்குப் போனது.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். அவர்களுக்கு 82 ஆட்டம், ஒன்று போனால் இன்னொன்று. நமக்கோ நாக்-அவுட், ஒன்று தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். அவர்கள் சம்பளம் வாங்கும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். உன் பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இடக்கையால் பந்தைத் தட்டவே வராது. இரண்டும் நியாயமான பேச்சுதான். பாபோவிச்சே, பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் தொடர்கள் வந்ததும் மூத்தவர்களின் நிமிடங்களைச் சற்றுக் கூட்டினார். முதல் சுற்றில் எட்டாம் இடத்து டல்லாஸ் அணியிடம் ஏழு ஆட்டம்வரை திணறவும் செய்தார். ஆனால் நாக்-அவுட்டுக்கு வெளியேயும் உனக்கு ஆட்டங்கள் இருக்கின்றன, தம்பி. சனிக்கிழமைதோறும் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் நட்பு ஆட்டங்களில்கூட அதே ஐந்து பேரைத்தான் இறக்குகிறாய். அங்கே தோற்றால் யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்? இடக்கை வராத பையனுக்கு அது எங்கேதான் வரும்?

உன் கையில் ஓர் ஆட்டத்துக்கு 200 நிமிடம் இருக்கிறது. அதில் நாற்பதைப் பெஞ்சுக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன். மொத்தமாக ஐந்து பேரையும் மாற்றாதே. இரண்டு மூத்தவர்களோடு மூன்று இளையவர்களை இறக்கினால், பந்து எங்கே போகவேண்டும் என்று கத்திச் சொல்லக் களத்துக்குள்ளேயே ஆள் இருக்கும். இரண்டாம் கால் பகுதியின் தொடக்கம் அதற்கு நல்ல நேரம். யார் எப்போது இறங்குவார்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடு. கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை என்பது நமக்குத் தெரியும். பந்தைத் தவறவிட்ட உடனே வெளியே இழுக்காதே. தவறுக்குப் பிறகு இரண்டு முறையாவது பந்து அவன் கைக்கு வரட்டும்.

இந்தச் சனிக்கிழமை காலையில் நான் வருகிறேன். நேரமும் ஃபவுலும் குறிக்கிற வேலையை என்னிடம் கொடு, ஒவ்வொருவனும் ஆடிய நிமிடத்தைத் தனித் தாளில் எழுதித் தருகிறேன். பதினோராம் எண் பையனிடம் நீயே போய் இரண்டாம் கால் பகுதியில் அவன்தான் இறங்கப்போகிறான் என்று வெள்ளிக்கிழமை மாலையே சொல்லிவிடு. இரவெல்லாம் அவன் அதை நினைத்துக்கொண்டு படுக்கட்டும்.

அன்புடன்,
உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன்