மின் கட்டணத்தில் நாளையும் நேரத்தையும் எண்ணுங்கள்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோவையில் கீழே லேத் பட்டறையும் மேலே வீடுமாக இருப்பவன் எழுதுகிறேன். இரண்டு மீட்டர், இரண்டு பில். கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்க இந்த மடல் இல்லை. நிலக்கரி விலையும் மின்வாரியக் கடனும் எங்களுக்கும் தெரியும். அளந்து பார்த்ததற்கு மட்டும் காசு வாங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில் வீட்டு பில். 2022 செப்டம்பர் 10 முதல் நீங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு விகிதங்கள் ஏறியிருக்கின்றன. ஆனால் சிக்கல் விகிதத்தில் இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை போய்விடுவதால் வரும் வினை இது.

அந்தச் சலுகை அரசு கொடுக்கும் மானியம், எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை நாளுக்கு ஒரு கணக்கு என்பது உங்கள் மின் வழங்கல் விதித்தொகுப்பில் வரும் விஷயம்.

நாளுக்கு எட்டு யூனிட் செலவாகும் வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். இரண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ராத்திரி கொஞ்ச நேரம் ஏசி. அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தால் 512 யூனிட், 2,046 ரூபாய். அடுத்த முறை குறைந்துவிடுமே என்பார்கள். குறையத்தான் செய்யும்: 56 நாள், 448 யூனிட், 1,413 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,459. சரியான நாளில் எடுத்திருந்தால் இரண்டு பில்லுக்கும் சேர்த்து 3,210. வீட்டில் ஒரு ஸ்விட்ச் கூடுதலாகப் போடவில்லை, 249 ரூபாய் போனது போனதுதான். ஆள் பற்றாக்குறையில் அல்லாடும் ரீடிங் ஊழியரையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது.

மாதாமாதம் கணக்கெடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் வந்தது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 500 என்ற வரம்பை 250 ஆக்கிவிட்டு மாதக் கணக்கு போட்டால், ஊருக்குப் போன மாதம் 200, பிள்ளைகளின் பரீட்சை மாதம் 300 என்று ஓடும் வீடு இப்போது தப்பிப்பதுபோலத் தப்பிக்காது. அதைவிட எளிய வழி, ரீடிங் எடுத்த நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பை நகர்த்துவது. 64 நாள் என்றால் வரம்பு 533. பில் போடும் கருவிக்கு இது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்.

அப்புறம் பட்டறை. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை உச்சநேரம் என்று வகுத்து, சிறுதொழில்களுக்கு அந்த நேர மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வைத்தீர்கள். இதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழிற்கூடங்கள் கதவடைப்பு நடத்தின. அந்த ஆண்டிலேயே அந்தக் கூடுதல் கட்டணம் 15 சதவீதமானது. நல்லது. ஆனால் நேரத்தைப் பிரித்துக் காட்டாத மீட்டர் வைத்திருக்கும் பட்டறைகளிடமும் இதை வாங்குகிறார்கள் என்பதுதான் தொழில் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. உச்சநேரக் கட்டணம் எதற்கு? அந்த நேரத்தில் மெஷினை ஓட்டாதே, வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள் என்று சொல்வதற்கு. எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று மீட்டரே சொல்லாதபோது, மாற்றிக்கொண்டவனுக்கும் மாற்றாதவனுக்கும் ஒரே பில்தானே வரும்? ஷிஃப்டை மாற்ற யாருக்கு மனசு வரும்?

நிலைக்கட்டணம் இன்னொரு சுமை. 50-க்கு மேல் 100 கிலோவாட் வரையிலான இணைப்புகளுக்கு, கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது 150-ஐத் தொட்டது. ஆர்டர் இல்லாமல் மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்த மாதத்திலும் கட்ட வேண்டும். கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்கள் இதைத் தூக்கி யார் தலையிலும் வைக்க முடியாது. பம்ப்செட் கம்பெனியில் பீஸ் ரேட்டைப் பத்துப் பைசா ஏற்றிக் கேட்டால், ‘பக்கத்துத் தெருவில் பழைய ரேட்டுக்கே செய்கிறார்களே’ என்பார்கள். கடைசியில் அது ஹெல்பர் பையனின் ஓவர்டைமில்தான் போய் விழும்.

சொன்னால் திருத்துகிறீர்கள் என்பதும் தெரியும். லிஃப்ட் இல்லாத சின்ன அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு 8 ரூபாயாக இருந்தது 2023-இல் 5.50 ஆனது. வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை 2022-லேயே எடுத்தீர்கள்.

அடுத்த திருத்தத்தில் இந்த இரண்டையும் சேருங்கள்: நாட்களுக்கு ஏற்ப நகரும் வரம்பு, நேரம் காட்டும் மீட்டர் மாட்டும்வரை உச்சநேரக் கட்டணம் கிடையாது என்ற உத்தரவு. 2022 ஆகஸ்டில் நடத்தியதுபோல மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால், கோவைக் கூட்டத்தைப் பட்டறைகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். பில்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்