சாண்டர்ஸ் ஏன் அவசரப்பட்டார்?

அன்புள்ள கண்ணம்மா,

உன் கட்டுரைக்காக அமெரிக்காவின் மொன்டானா வக்கீல் வில்பர் ஃபிஸ்க் சாண்டர்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறப்பு, படிப்பு எல்லாம் ஒரு வரிதான்: 1834-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார், ஒஹாயோவில் சட்டம் படித்தார், 1863-இல் தங்கம் கிடைத்த பேன்னாக் ஊருக்கு வந்தார். நீ நின்று படிக்க வேண்டியது அந்த வருஷ டிசம்பர்.

அப்போது அது ஐடஹோ பிரதேசம், அதாவது இன்னும் மாநிலமாகாத பகுதி. தலைநகர் லூயிஸ்டன் மலைகளுக்கு அப்பால். அதனால் சுரங்கக்காரர்களே கூடி வழக்கு விசாரித்தார்கள். ஜூரி சொல்வது வெறும் பரிந்துரை. முடிவு கூட்டத்தின் கையில். கோளாறு அங்கேதான். அந்த ஜூனில் வர்ஜீனியா சிட்டி என்ற சுரங்க ஊரில் ஒரு கொலை வழக்கு. தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. குற்றவாளிகளில் ஒருவன் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தை யாரோ உரக்கப் படிக்க, கூட்டம் இளகியது. மறுபடி வாக்கெடுப்பு. இரண்டு பேர் நடுவே நடந்துபோனால் ஒரு வாக்கு. கைதிகளின் கூட்டாளிகள் சுற்றிச் சுற்றி வந்து நடந்தார்கள். கொலைகாரர்கள் குதிரையேறிப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 19-இல் பக்கத்து ஊரான நெவாடா சிட்டியின் தெருவில் ஜார்ஜ் ஐவ்ஸ் மேல் விசாரணை தொடங்கியது. கோவேறு கழுதைகளை ஓட்டிவரப் போன நிக்கோலஸ் டிபோல்ட் என்ற இளைஞனைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. வண்டிதான் நீதிபதியின் மேடை, குளிருக்கு நடுத்தெருவில் தீ. ஐவ்ஸ் தரப்பில் பல வக்கீல்கள். ஐவ்ஸின் ஆட்கள் கூட்டத்திலேயே நிற்கும்போது அவனுக்கு எதிராக வழக்கை நடத்த சாண்டர்ஸ் ஒப்புக்கொண்டார், வயது 29. ஐவ்ஸுடன் இருந்தவனே சாட்சியானது வழக்குக்குப் பலம். 21-ஆம் தேதி 24 பேர் ஜூரியில் 23 பேர் குற்றவாளி என்றார்கள்.

இங்கேதான் கவனி. சாண்டர்ஸ் மூச்சுவிட நேரம் தரவில்லை. ஜூரியின் முடிவை ஏற்கக் கூட்டத்தின் சம்மதம் வாங்கினார்; அடுத்த மூச்சில், இப்போதே தூக்கிலிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு அதையும் நிறைவேற்றினார். அம்மாவுக்குக் கடிதம் எழுத விடியும்வரை அவகாசம் வேண்டும் என்றான் ஐவ்ஸ். ஜூனில் வேலை செய்த அதே கடிதம்! இவன் அந்த இளைஞனுக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தான் என்று கேளுங்கள் என ஒரு குரல் வந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது.

இதுவரை அவர் பக்கம் நிற்கலாம். இரண்டு நாளில், சட்டத்தைத் தாங்களே கையிலெடுத்த ஒரு கண்காணிப்புக் குழு உருவானது; அதில் அவரும் ஒருவர். அது என் மனதுக்கு ஒப்பவில்லை. ஜனவரி 10-இல் ஷெரிஃப் ஹென்றி பிளம்மரையே விசாரணையில்லாமல் தூக்கிலிட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலி. ஐவ்ஸுக்குக் கிடைத்த வக்கீலும் சாட்சியும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1864-இல் மொன்டானா தனிப் பிரதேசமானது. ஆளுநரை நியமிப்பது வாஷிங்டனிலுள்ள மத்திய அரசு; முதல் ஆளுநர் இவருடைய மாமா சிட்னி எட்ஜர்ட்டன். காங்கிரஸுக்கு மக்கள் அனுப்பும் பிரதிநிதிக்கு அங்கே வாக்குரிமை இல்லை. அந்த இடத்துக்கே இவர் 1864, 1867, 1880, 1886 என நான்கு முறை நின்று தோற்றார். சுரங்க ஊர்களில் ஜனநாயகக் கட்சிக்கே செல்வாக்கு, இவர் குடியரசுக் கட்சி. 1873 முதல் 1879 வரை பிரதேசச் சட்டசபையில் மட்டும் இடம் கிடைத்தது.

அப்படியானால் செனட்டர் ஆனது எப்படி? அந்தக் காலத்தில் செனட்டரைத் தேர்ந்தது மாநிலச் சட்டசபை. 1889-இல் மொன்டானா மாநிலமானதும், பியூட் என்ற சுரங்க ஊர்ப் பக்கத்து ரயில் சுரங்கப்பாதைத் தொழிலாளர்கள் வாக்களித்த ஒரு சாவடியின் வாக்குகளை எண்ணலாமா என்று தகராறு. கட்சிக்கொரு சபை தனித்தனியே கூடி, ஆளுக்கு இரண்டு செனட்டர்களை அனுப்பியது! நான்கு பேரில் சாண்டர்ஸையும் தாமஸ் பவரையும் செனட் ஏற்றது. 1893-இல் பதவி போனது.

கட்டுரையில் பியூட் வழக்கை விட்டுவிடாதே. 1896-97-இல் தொழிற்சங்கங்கள் சீனர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னபோது, சீன வணிகர்களுக்காக வாதாடியவர் இவர்தான். தடையாணையும் கிடைத்தது. இந்த முறை கூட்டத்திடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா