கண்டல் நடுமுன் காட்டை வாசிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஜூலை 26, உலகக் கண்டல் தினம் வந்தால் (கண்டல் என்பது கரையோர உவர்ச்சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள்) கரையோர மாவட்டங்களில் கன்று நடும் படங்கள் பத்திரிகைகளில் வரும். எத்தனை ஆயிரம் கன்று என்ற கணக்கும் வரும். அடுத்த வருடம் அவற்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகள் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில், தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இடத்துக்குப் பொருந்தாத இனத்தை, பொருந்தாத நீர்மட்டத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் வீதியில் பாலங்களைக் கடக்கும்போது உப்பாற்றுப் பக்கம் தெரிவதெல்லாம் ஒரே பச்சைதான். இறங்கிப் போய்ப் பார்த்தால் கதை வேறு. கண்டல் மரங்களில் ஓர் இனமான கண்ணாவின் இலையைப் பறித்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கும். நுனிநாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அது இலை வழியே வெளியேற்றுகிறது. முட்டுக்கால் வேரூன்றி நிற்கும், கண்டல் என்றே பெயர்பெற்ற இனமோ உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிடும். அதன் இலை தடித்து மினுமினுக்கும். தில்லையின் இலை உதிருமுன் சிவந்துவிடும். அதன் பால் கண்ணில் பட்டால் என்னவாகும் என்பது கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். உப்பும் நீரும் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் தனக்கேற்ற இடத்தில் நிற்கிறது.

இந்த வேறுபாடுகளை வானிலிருந்து பிரித்தறியும் வழியாகத்தான் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் தொலையுணர்வை, அதாவது ஒளியை மிகப் பல குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்துத் தூரத்திலிருந்து பதியும் முறையை, நான் பார்க்கிறேன். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சென்டினல்-2 செய்மதி ஒளியைப் 13 பட்டைகளாகப் பிரித்துப் பதிகிறது. காடு எங்கே இருக்கிறது, எங்கே அழிந்தது என்று சொல்ல அது போதும். 2022 ஏப்ரலில் ஏவப்பட்ட ஜேர்மனியின் என்மேப் செய்மதி 200க்கும் மேற்பட்ட குறுகிய பட்டைகளில் பதிகிறது. அதனால் ஓர் இலைத்தொகுதி எந்த அலைநீளத்தை விழுங்குகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதைத் தொடர்ச்சியான வளைகோடாக வரையலாம். பச்சையம் 670 நானோமீற்றர் அருகே சிவப்பொளியை விழுங்கும். 750ஐத் தாண்டினால் இலையின் உள்ளமைப்பு, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இடையில் வளைகோடு செங்குத்தாக ஏறும். மரம் உப்பாலோ நீர்க்குறையாலோ நலிந்து பச்சையம் குறையத் தொடங்கினால், அந்த ஏற்றம் குறைந்த அலைநீளப் பக்கம் நகரும். இலை மஞ்சளிக்கும் முன்பே இந்த நகர்வைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. மகாவலி ஆறு கொண்டுவரும் நன்னீரை நம்பி நிற்கும், மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக்குடாக் கண்டலுக்கு இதைவிடப் பயனுள்ள முன்னறிவிப்பு எது?

அயலில் இந்தியா இதைச் செய்து பார்த்துவிட்டது. 2015-16இல் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து விமானத்தில் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியைக் கொண்டுசென்று படமெடுத்த இடங்களில் ஒடிசாவின் பிதர்கணிகா கண்டற்காடும் ஒன்று.

செய்மதியால் எல்லாம் ஆகிவிடாது. என்மேப் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர் சதுரம், அதாவது ஏறக்குறைய 36 பேர்ச் காணி. களப்போரத்தில் ஒற்றை வரிசையாய் நிற்கும் கண்டல், அருகிலுள்ள சேற்றோடும் தண்ணீரோடும் அந்த ஒரு புள்ளிக்குள் கலந்துவிடும். அங்கே ட்ரோன்தான் வேண்டும். மழைக்காலத்தில் முகில் மறைக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் வேண்டியது, நம் மரங்களின் நிறமாலைத் தொகுப்பு, அதாவது ஒவ்வோர் இனத்துக்கும் உரிய அந்த வளைகோடுகளின் தொகுப்பு. கையடக்க நிறமாலைமானியோடு கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளிக் கரைகளுக்குப் போய், இது கண்ணா, இது தில்லை, இது திப்பரத்தை என்று ஒவ்வொன்றையும் அளந்து, இடத்தையும் மண்ணின் உப்பையும் நீர்மட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் செய்மதி தரும் வளைகோடு யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. இந்த வேலையைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் முன்னின்று செய்யலாம். என்மேப் தரவுகளை ஆய்வாளர்கள் பதிவுசெய்து இலவசமாகப் பெறலாம். கருவியை ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். எந்த வாய்க்கால் எப்போது அடைபட்டது, எந்தப் பக்கம் இறாலும் நண்டும் குறைந்தது என்பதைக் களப்பில் வலை வீசுபவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். பெயருக்குக் கூட்டத்தில் உட்காரவைத்துவிட்டு அனுப்பக்கூடாது.

அந்தத் தொகுப்பு உருவாகும்வரை, நடுகைக்கு வரும் பணத்தில் ஒரு பங்கையாவது இந்த அளவீட்டுக்கு ஒதுக்கும்படி மாவட்ட நிர்வாகத்தையும் நன்கொடையாளர்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்கிறேன். நட்ட இடங்களின் ஜிபிஎஸ் குறிப்புகளையும், ஒரு வருடத்துக்கும் மூன்று வருடத்துக்கும் பின் நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நடுகைப் படத்தை வெளியிடும் தாங்களும் அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, அதே இடத்தின் படத்தோடு போடுங்கள்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.