சக்கரமில்லாத சைக்கிள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டு வலிக்கு டாக்டர் சொல்லி வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளைப் பற்றிப் புலம்பியிருந்தாயே, "அரை மணி நேரம் மிதித்தாலும் அதே ஹாலில்தான் இருக்கிறேன்" என்று. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது.

2024 அக்டோபரில் மகளைப் பார்க்கப் பார்சிலோனா போயிருந்தேன் அல்லவா? அப்போது அங்கே அமெரிக்கா கோப்பை இறுதிப்போட்டி. பாய்மரப் படகுப் பந்தயத்தில் அதுதான் உச்சம். 1851-இல் தொடங்கியது. பெயரைப் பார்த்து ஏமாறாதே. முதல் பந்தயத்தில் வென்ற படகின் பெயர் 'அமெரிக்கா', அதுவே கோப்பைக்கும் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தில் வரிசைகட்டி நின்ற கோடீஸ்வரர்களின் சொகுசுப் படகுகளைப் பார்த்ததும், நமக்கு இங்கே என்ன வேலை என்று திரும்பிவிடப் பார்த்தேன். மகள் விடவில்லை. பார்சலோனெட்டா கடற்கரை மணலில் உட்கார்ந்து பார்க்கக் காசே கிடையாது, பெரிய திரை வேறு வைத்திருந்தார்கள்.

படகு 75 அடி. காற்றில் வேகம் பிடித்ததும் அப்படியே தண்ணீரை விட்டு எழுந்துவிடுகிறது. இறக்கை மாதிரி ஒன்றும் சுக்கானும் மட்டும்தான் நீருக்குள். 50 நாட்டையும் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) தாண்டுகிறார்கள், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல்! ஆனால் அந்த முறை காற்று 6.5 நாட்டுக்குக் கீழே இருந்தால் பந்தயத்தையே தொடங்க மாட்டார்கள். அத்தனை பணக்காரர்களும் கொடி அசைகிறதா என்று பார்த்தபடி காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம், உனக்கான விஷயம். அந்த 2024 பந்தயத்தில் படகுக்கு எட்டுப் பேர். இரண்டு பேர் சுக்கான், இரண்டு பேர் பாய். மீதி நான்கு பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிள் மிதித்தார்கள்! பாயை இழுக்க, தளர்த்த ஹைட்ராலிக் (குழாயில் எண்ணெயைத் தள்ளும்) அழுத்தம் வேண்டும். இறக்கையை ஏற்றி இறக்கத்தான் பேட்டரி, பாய்க்கு மனித உழைப்பு மட்டுமே என்பது அப்போதைய விதி. 2021-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த போட்டியில் இதையே கையால் சுற்றினார்கள், அப்போது படகில் மொத்தம் பதினொரு பேர். 2024-இல் விதி ஆளை எட்டாகக் குறைத்தது; கையைவிடக் காலுக்கு வலு அதிகம் என்று சைக்கிளுக்கு மாறினார்கள். அமெரிக்க அணி இதற்காகவே ஆஷ்டன் லாம்பியைச் சேர்த்திருந்தது. தனிநபர் பந்தயத்தில் 4 கிலோமீட்டரை நான்கு நிமிடத்துக்குள் ஓட்டிய முதல் சைக்கிள் வீரர் அவர். அந்த அணி அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றுப் போனது, அது வேறு கதை.

திரையில் அந்தச் சைக்கிள் மிதிப்பவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டும் முதுகும் மட்டும் தெரியும். தலையைக் குனிந்தபடி மூச்சுவாங்க மிதிக்கிறார்கள். முந்துகிறோமா, பின்தங்கினோமா என்று நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்த அளவுகூடப் பந்தயம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இறுதிப்போட்டியில் பிரிட்டனை எதிர்த்து நியூசிலாந்து 4-0 என்று முன்னிலை. திடீரென்று பிரிட்டன் ஒரே நாளில் இரண்டு பந்தயம் வென்றது. அந்தக் கோப்பையை ஒருமுறைகூடப் பிடிக்காத நாடு அது, எனக்கும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பலிக்கவில்லை. அக்டோபர் 19-இல் 7-2 என்று முடிந்தது. நியூசிலாந்துக்குத் தொடர்ந்து மூன்றாவது வெற்றி.

மகள் உனக்கு ஒரு தொப்பி வாங்கித் தந்திருக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் அந்த சைக்கிளைத் துணி காயப்போடும் கொடியாக மாற்றிவிடாதே.

அன்புடன்,
பாலு