முன்யோசனை இல்லாதவர்கள் அல்ல நாங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த சொகுசுக் கப்பல் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். சாப்பாடு, நீச்சல் குளம், மேல்தளத்துச் சூரிய உதயம் எல்லாம் நாங்களும் பார்த்தவைதான். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், சிங்கப்பூரில் ஏறியவர்கள் திரும்ப அங்கே போகத் தேவையில்லை, பினாங்குத் தீவிலேயே பெட்டியோடு இறங்கி, ஃபெர்ரியில் அக்கரை போய், பட்டர்வொர்த்தில் ரயிலைப் பிடித்து மாலைக்குள் வீடு சேரலாம், "கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும்" என்று முடித்திருக்கிறார். அந்த 'முன்யோசனை' என்ற சொல் நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நாங்கள் அதைத்தான் செய்தோம். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், நானும் என் மனைவியும்.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்காக மகன் ஆறு மாதத்துக்கு முன்பே கப்பலில் இடம் எடுத்துக் கொடுத்துவிட்டான். சிங்கப்பூரில் ஏறி, புக்கெட்டும் பினாங்கும் பார்த்துவிட்டு, மறுபடி சிங்கப்பூரில் இறங்க வேண்டும். பிறகுதான் என் தங்கை மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. தைப்பிங்கில் பரிசத்துக்குக் குறித்த நாள், கப்பல் பினாங்கில் நிற்கும் அதே சனிக்கிழமை. மாலை ஆறுக்கு மேல் ஏழுக்குள் நல்ல நேரம். நான் தாய்மாமன். அதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பகல் ஒரு மணிக்குக் கப்பல் பினாங்குத் துறைக்கு வந்து நிற்கும். பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங்குக்கு மின்ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான்கு மணி வாக்கில் புறப்படும் வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம். மூன்று வாரத்துக்கு முன்பே பயண முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 'கப்பலுக்குத் தெரிவித்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்' என்று பதிலும் வந்தது. அதைக் காகிதத்தில் எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இதற்கு மேல் முன்யோசனை எப்படி இருக்கும் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்று கப்பலின் வரவேற்பு முகப்பில் அப்படி ஒரு தகவலே இல்லை என்றார்கள். முகவர் சொன்னது கரையிலுள்ள அலுவலகத்தோடு நின்றுவிட்டதாம். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையுமுன்பே பயணிகள் பட்டியல் குடிநுழைவு அதிகாரிகளிடம் போய்விடுகிறது. பாதியில் இறங்குகிறவர்களின் பெயர் அதில் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். எங்கள் பெயர் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறவர்களோடு இருக்கிறது. இனி அதை மாற்ற வேண்டும். அதற்கு ஒருவர் கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவருக்கு மேலே இன்னொருவர் ஒப்புதல். அந்த முகப்புக்குப் பின்னால், ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்கட்டான பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவே எங்கள் பாஸ்போர்ட்டும் இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

மற்றவர்கள் எல்லாம் தொப்பியும் கேமராவுமாகச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி. படிக்கட்டின் கீழே ஒரு சோபாவில், தங்கை மகளுக்கு எடுத்த பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே விக்டோரியா மணிக்கூண்டு. 60 அடி உயரம், ராணியின் அறுபதாண்டு ஆட்சி நிறைவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி. பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான். அன்றைக்கு அதன் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு, மூன்று, நான்கு. எங்களை விட்டபோது ஐந்தாகப் பத்து நிமிடம். மீதி நாளுக்கான பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பணத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கார் பிடித்திருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை மாலையில் தைப்பிங் வரை வர ஒருவர் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து ரத்து செய்துவிட்டார். பெட்டியை இழுத்துக்கொண்டு ஃபெர்ரித் துறைக்கு நடந்தோம். அக்கரையில் எங்கள் ரயில் எப்போதோ போயிருந்தது. அடுத்த மின்ரயிலில் இடமில்லை. கொம்யூட்டர் என்ற உள்ளூர் ரயிலைப் பிடித்துத் தைப்பிங்கில் இறங்கியபோது மணி எட்டு. வீட்டுக்குள் நுழைந்தபோது தட்டு மாற்றி முடித்து, பந்தியும் பாதி எழுந்திருந்தது. என் இடத்தில் சித்தப்பா மகன் நின்று தட்டைக் கொடுத்திருக்கிறார். தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'வாங்கண்ணே, சாப்பிடுங்க' என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இதைப் படித்துவிட்டு, 'ரயிலுக்கு நேரம் விடாமல் கப்பலை நம்பியது உங்கள் தப்பு' என்று யாராவது சொல்வார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தாங்கள் அறியாததல்ல, பினாங்கில் கப்பலும் ரயிலும் ஒரு காலத்தில் ஒரே பயணம். அன்று நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு போன வழியில்தான், கோபுரமும் கடிகாரமுமாக நிற்கும் சுங்கத்துறைக் கட்டடம் இருக்கிறது. 1907இல் கட்டியபோது அது ரயில் நிலையம். தீவில் தண்டவாளமே கிடையாது. ஆனாலும் ரயில் நிலையம். கப்பலிலிருந்து இறங்குகிறவர் அங்கேயே டிக்கெட் எடுத்து, ரயில்வேயின் ஃபெர்ரியிலேயே அக்கரைக்குப் போய், வண்டியில் உட்கார வேண்டும் என்பதற்காகவே கட்டினார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால், அதுவும் வெள்ளைக்காரன், இந்த முன்யோசனையோடு இருந்தான். இன்று கப்பலைக் கேட்டால் ரயில் எங்கள் பொறுப்பல்ல என்கிறது, ரயிலைக் கேட்டால் கப்பல் எங்கள் பொறுப்பல்ல என்கிறது.

என் அப்பா 1937இல், பன்னிரண்டு வயதில், மாமாவோடு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணம். பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்து, மருந்துக் குளியல் போட்டு, பிறகுதான் விட்டார்கள். அங்கிருந்து அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்கு, பிறையிலிருந்து ரயிலில் பாகான் செராய்ப் பக்கத் தோட்டத்துக்கு. 'எங்களை மாடு மாதிரி எண்ணினார்கள்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். ஆனாலும் ரயில் காத்திருந்தது என்பார். அதையும் மறக்காமல் சொல்வார். அந்தக் காலத்தை நான் புகழவில்லை. கூலிகளை ஏற்றிப் போகவாவது யாரோ உட்கார்ந்து நேரம் குறித்திருக்கிறார்கள் என்கிறேன்.

எங்கள் தைப்பிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் முதல் ரயில், 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடியது, எங்கிருந்து எங்கே? தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, ஊரிலிருந்து துறைமுகத்துக்கு. ஈயம் கப்பலேற வேண்டும் என்பதற்காக முதல் தண்டவாளமே கப்பலைத் தேடிப் போனது. இன்றைய கோலா செபெத்தாங்கில் அந்த நிலையத்தின் பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. அன்று பட்டர்வொர்த்தில் ஓர் எழுத்துத் தமிழைத் தேடி என் மனைவி எத்தனை பலகையை அண்ணாந்து பார்த்தாள் தெரியுமா? அவள் தோட்டத்தில் வளர்ந்தவள், தமிழ் மட்டுமே வாசிப்பாள். இதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு முன்பும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், வெளிவரவில்லை. வருத்தமில்லை, இடமில்லாமல் இருந்திருக்கும்.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். தஞ்சோங் பகார் ரயில் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2011 ஜூலை 1 முதல் ரயில் எல்லையோரத்து உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. மூடுகிறார்கள் என்றபோது பத்திரிகைகள் எல்லாம், உங்களுடையதும் சேர்த்து, பழைய நினைவுகள் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டன. பெட்டியோடு வரும் கிழவன் கிழவி இனிமேல் எப்படிக் கப்பலுக்குப் போவார்கள் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த ஞாயிறு மலரில் நான்கு வரி போடுங்கள். பாதியில் இறங்க நினைப்பவர்கள் முகவரின் பேச்சை மட்டும் நம்பாமல், கப்பல் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே முகப்பில் போய், இறங்குவோர் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே ரயிலேற வேண்டியவர்கள் கடைசி வண்டிக்கு டிக்கெட் எடுக்கட்டும். முடிந்தால், 'கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும்' என்ற வரிக்குக் கட்டுரையாளர் ஒரு திருத்தம் எழுதட்டும்.

தங்கை உங்கள் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவள். அந்தக் கட்டுரையையும் படித்திருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
தைப்பிங்