வான் அங்கிளிடம் சொன்னது

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மட்டக்களப்பில் மழை தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதை மட்டும் விட்டுவிடாதே.

அப்பா செத்த பிறகு தங்கையின் மகன் வாய் திறந்து கதைக்கிறானா என்று கேட்டிருந்தாய். கதைக்கிறான். ஆனால் எங்களிடம் இல்லை, ஸ்கூல் வான் ஓட்டுபவரிடம்.

அந்த மனிதரே ஒரு நாள் வாசலில் வந்து நின்று சொன்னார். சிங்களவர், எங்களோடு அரைகுறைத் தமிழில் கதைப்பார். "பிள்ளை முன் சீட்டில் இருந்து தாத்தாவைப் பற்றிக் கதைக்கிறான். உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன், பெரியம்மாவிடம் மட்டும் சொல்லுங்கோ, அம்மாவுக்கு வேண்டாம் என்றான்" என்றார். தாத்தா என்று அவர் சொன்னது அவனுடைய அப்பாவைத்தான், சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மனம் நொந்துவிட்டது. பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்தவள் நான். சொந்தத்தில் இத்தனை பேர் இருக்க, பதினொரு வயதுப் பிள்ளை வேற்று மனிதர் ஒருவரிடம் போய் அழுவதா?

அவன் சொன்னது இதுதான். அன்று காலையில் அவனுடைய அப்பா ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவன் போனில் விளையாடிக்கொண்டு, "பொறுங்கோ அப்பா" என்றிருக்கிறான். ஒரு மணித்தியாலத்தில் மாரடைப்பு. அந்த "பொறுங்கோ"வை அவன் மூன்று மாதமாகத் தனியே சுமந்திருக்கிறான். பொரளை கனத்தை மயானத்துக்குப் போனபோதும், முகத்துவாரத்தில் சாம்பல் கரைத்தபோதும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு வடை பரிமாறியபோதும் அது அவனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இடையில் அவன் ஒழுங்கைக்குள் கிரிக்கெட் விளையாடியதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை" என்று உறவினர்கள் சொன்னார்கள். சாவு என்றால் திரும்பி வராத போக்கு என்பது ஐந்து, ஏழு வயதுக்குள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது. ஆனால் பெரியவர்களைப் போல நாள் முழுக்கத் துக்கத்தில் இருக்க அவர்களால் முடியாது. அரை மணி நேரம் அழுவார்கள், பிறகு பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், இரவில் திரும்பவும் அது வரும்.

இரண்டு மூன்று இரவு நித்திரை இல்லாமல் யோசித்தேன். ஏன் எங்களிடம் சொல்லவில்லை? பதில் என் வாயிலிருந்தே வந்தது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. செத்தவீட்டில் அவனைப் பக்கத்தில் இருத்தி, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை. அம்மாவுக்கு முன்னால அழாதே, அவ தாங்கமாட்டா" என்று சொன்னவள் நான்தான். அவன் அதைக் கேட்டு நடந்திருக்கிறான். அம்மா மேல் பாசம் இல்லாததாலா சொல்லவில்லை? அவள் முகம் எப்போது உடையும் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படிச் சொல்லும்? எங்கள் வீட்டில் யாரிடம் எதைச் சொன்னாலும் அது ஒரு புண்ணில்தான் போய் விழும். அம்மம்மாவிடம் சொன்னால் அம்மம்மா அழுவாள். என்னிடம் சொல்லியிருந்தால், "சீச்சீ, அது உன்ர பிழை இல்லையடா" என்று உடனே வாயை அடைத்திருப்பேன். வான் அங்கிள் அப்படி ஒன்றும் சொல்லவில்லையாம். "ம்" என்று கேட்டுக்கொண்டு வானை ஓட்டியிருக்கிறார். இரண்டு பேரும் முன்னால் வீதியைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். முகம் பார்க்கத் தேவையில்லாத இடம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. இவன் அதைச் சிங்களத்தில்தான் சொல்லியிருக்கிறான். "அப்பா" என்ற சொல் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தொண்டையை விட்டு வெளியே வருவதில்லை. சிங்களத்தில் அவர் "தாத்தா". அந்தச் சொல்லால் அவன் ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை, அதனால் அது அவனுக்கு வலிக்கவில்லை போல. இதை நினைத்து நான் அழுதேன், சொல்லிவிடுகிறேன்.

வேற்று மனிதரிடம் மனதைத் திறப்பது புதிதும் இல்லை. லண்டனில் 1953 இல் சாட் வரா என்ற பாதிரியார், மனம் உடைந்தவர்கள் வந்து கதைக்க ஓர் இடம் தொடங்கினார். 1935 இல் அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கு பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்றினுடையது. மாதவிடாய் வந்ததைக் கெட்ட நோய் என்று பயந்து, கேட்க ஒருவரும் இல்லாமல் உயிரை மாய்த்துக்கொண்டவள். அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருக்கும்போது, தேநீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்த சாதாரணத் தொண்டர்களிடமே மனதை இறக்கி வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதைக் கண்டு அவர் அந்த வேலையைத் தொண்டர்களிடமே விட்டுவிட்டார். கொழும்பில் 1974 முதல் இருக்கும் சுமித்ரயோ என்ற தொண்டர் அமைப்பும் அதே வழியில் வந்ததுதான்.

எல்லா வேற்று மனிதரையும் நம்பிவிட முடியாது, அது எனக்குத் தெரியும். "வீட்டில் சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொல்லும் ஆளாக இருந்திருந்தால் அன்றே வானை நிறுத்தியிருப்பேன். இவர் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தானே எங்களைத் தேடி வந்தவர். இருந்தாலும் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை அவனுடைய கொப்பியின் பின்மட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் சொன்னது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் புறக்கோட்டைக்கு 101 பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன், ஜன்னல் சீட்டு அவனுக்கு. போன சனி பம்பலப்பிட்டி தாண்டும்போது, "அப்பாவுக்கு இந்தப் பக்கத்துக் கடை ரோல்ஸ் விருப்பம்" என்றான். "ஓம், மிளகு கூடப் போட்டது" என்றேன். அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸில்தான் உன்னையும் நினைத்தேன். எங்கள் பள்ளிக்கு நான் புதிதாக வந்த கிழமை, இதே 101 இல், உன் அம்மா கண்மூடிய இரவைப் பற்றிச் சொன்னாய். என் பெயர்கூட உனக்குச் சரியாகத் தெரியாது. ஏன் என்னிடம் சொன்னாய் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை. நம்பிக்கையான முகம் போல, என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போதுதான் விளங்குகிறது, உன் அம்மாவை எனக்குத் தெரியாது என்பதே உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை உன் அப்பாவிடம் நீ பிறகு எப்போதாவது சொன்னாயா? சொன்னாய் என்றால் எத்தனை வயதில், அவர் என்ன செய்துகொண்டிருந்தபோது சொன்னாய் என்று எழுது. தண்ணீர் விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் தங்கைக்குச் சொல்லிவிட்டேன். தானும் அவனுக்காகக் காத்திருக்கலாமா என்று அவள் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பஸ் சிநேகிதி